பிளம் என்றால் எந்தப் பிளம்? வட்டார ரகங்களும் பழத்தின் தரமும்

பினாங்கில் மதிய வெயிலுக்கு அம்ரா ஜூஸ் குடிக்காதவர்கள் குறைவு. கண்ணாடிக் குவளையில் பச்சை நிறச் சாறு, ஐஸ், அடியில் சுருங்கிக் கிடக்கும் ஓர் அசாம்போய், அதாவது உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம். சாறு தீர்ந்ததும் அந்த அசாம்போயை வாயில் அடக்கிக்கொண்டே நடப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்கா மகள் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தி, இது பிளம்ஸ்தானே? அப்போ பேரங்காடியில் விற்கிற சிவப்புப் பிளம்ஸ் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். படிவம் இரண்டில் படிக்கிறாள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. சௌராஸ்தா சந்தையிலிருந்து வீடு வந்து சேரும்வரை பேசியும் தீரவில்லை. அவளுக்குச் சொன்னதையும், சொல்வதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பழ மரங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் தொடர்ந்து வரலாம்.

ஒரு பெயருக்குள் பல பழங்கள்

முதலில் அந்த அசாம்போய். 'அசாம்' என்பது மலாயில் புளிப்பு. 'போய்' என்பது ஹொக்கியன் சீனத்தில் ஒரு மரத்தின் பெயர். அதையே ஜப்பானியர்கள் 'உமே' என்கிறார்கள். ஆங்கிலத்தில் பிளம் என்று பெயர் வைத்துவிட்டாலும், உறவுமுறை பார்த்தால் அது பிளம்மைவிட ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருக்கம். பழமாகச் சாப்பிட அதை யாரும் வளர்ப்பதில்லை. அதன் பழம் பெரும்பாலும் உப்பில் போட்டுக் காயவைக்கவும் ஊறவைக்கவும்தான் பயன்படுகிறது.

பேரங்காடியில் அடுக்கி வைத்திருக்கும் உருண்டையான சிவப்பு, கறுப்புப் பிளம் வேறோர் இனம். ஜப்பானியப் பிளம் என்பார்கள், ஆனால் அதன் பிறந்த வீடு சீனா. ஜப்பான் வழியாக அமெரிக்காவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1885இல் லூதர் பர்பேங்க் என்ற அமெரிக்கர் ஜப்பானிலிருந்து கன்றுகளை வரவழைத்து, கலிஃபோர்னியாவில் ஒன்றோடொன்று கலந்து பல ரகங்களை உண்டாக்கினார். 1906இல் அவர் வெளியிட்ட 'சாண்டா ரோசா' இன்றும் வளர்க்கப்படுகிறது. உலகச் சந்தையில் கப்பலேறும் உலர்த்தாத பிளம் பழங்களில் பெரும்பகுதி இந்த இனமும் இதன் கலப்புகளும்தான்.

மூன்றாவது, ஐரோப்பியப் பிளம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியது. ஜப்பானியப் பிளம்மின் உயிரணுவில் 16 குரோமோசோம்கள் இருந்தால், இதில் 48 இருக்கின்றன. எட்டு குரோமோசோம்கள் கொண்ட ஒரு தொகுப்புக்கு இரண்டு பிரதிக்குப் பதிலாக ஆறு பிரதிகள். மேற்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் செர்ரிப் பிளம் என்ற சிறிய பழமும், ஸ்லோ என்ற முட்புதரும் எப்போதோ கலந்து பிறந்தது இது என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆறு பிரதிகள் இருப்பதால் ஒவ்வொரு குணத்துக்கும் பல சேர்க்கைகள் சாத்தியம். ஒரே இனத்துக்குள் நீலம், ஊதா, மஞ்சள், பச்சை என்று பழங்கள் இருப்பதற்கும், நெல்லிக்காய் அளவிலிருந்து முட்டை அளவுவரை விரிவதற்கும் அது ஒரு காரணம்.

நம் பிரியாணியில் போடும் ஆல்பக்கோடாவும் ஒரு பிளம்தான். 'ஆலு' என்றால் பாரசீகத்தில் பிளம். 'புகாரா' இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள ஊர். புகாராவின் பிளம், ஆலு புகாரா, ஆல்பக்கோடா. ஆங்கிலேயர்களின் 'டாம்சன்' என்ற சின்னப் பிளம் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரைச் சுமக்கிறது. பழத்தோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து பயணம் செய்திருக்கிறது. 'வட்டார ரகம்' என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஒரு சோறு பதம் எப்போது சரி, எப்போது தவறு

இனம் வேறு, ரகம் வேறு. இதைப் பிளம் மரத்தைப் பார்த்தே இராத பினாங்குப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? டுரியானை வைத்துத்தான்.

பாலிக் புலாவ் பக்கம் பருவத்தில் போனால் சாலையோரக் கடைகளில் பெயர் எழுதிய அட்டைகள் இருக்கும். ஆங் ஹே, அதாவது சிவப்பு இறால். ஹோர் லோர், அதாவது சுரைக்குடுக்கை. எல்லாம் ஒரே இனம்தான், ஆனால் வெவ்வேறு ரகங்கள். இன்னொரு மூலையில் பெயரே இல்லாமல் 'டுரியான் கம்போங்' என்று ஒரு குவியல் கிடக்கும். விலை குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் சுவை அல்ல, மரம் பிறந்த விதம்.

ஆங் ஹே மரம் எதுவும் விதையிலிருந்து வந்ததல்ல. முதல் மரத்தின் மொட்டையோ குச்சியையோ வெட்டி, வேறொரு கன்றின் மேல் ஒட்டுக் கட்டி வளர்த்தது. அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. மரபணுவைப் பொறுத்தவரை தீவிலுள்ள ஆங் ஹே மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் நீட்சி. கம்போங் டுரியான் அப்படி இல்லை. யாரோ சாப்பிட்டுப் போட்ட கொட்டை முளைத்து மரமானது. டுரியான் பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தத்தை வாங்கித்தான் காய்க்கும். அதனால் ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதுக் குழந்தை. தாயைப் போலவும் இருக்கலாம், தந்தையைப் போலவும் இருக்கலாம், இரண்டையும் போல இல்லாமலும் போகலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒட்டு ரகத்துக்கு அது பொருந்தும். ஒரு நல்ல ஆங் ஹே பழத்தைச் சுவைத்தவருக்கு அடுத்த பழம் எப்படி இருக்கும் என்று ஏறத்தாழ தெரியும். மண், மழை, மரத்தின் வயது இவற்றால் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கம்போங் டுரியான் குவியலில் அந்தப் பழமொழி செல்லாது. அங்கே ஒவ்வொரு சோறும் வேறு வேறு பானையில் வெந்தது.

ஐரோப்பாவின் பழைய பிளம் தோப்புகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சில, ஊர்க்காரர்கள் பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாக ஒட்டுக் கட்டியோ வேரடிக் கன்றைப் பிரித்து நட்டோ காப்பாற்றிய ரகங்கள். பிளம் மரத்துக்கு வாழையைப் போல அடியில் கன்று விடும் பழக்கம் உண்டு. அதைத் தோண்டி மகள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்தாலே போதும், அதே ரகம் அங்கே போய்விடும். மற்றவை வேலியோரம் தானாக முளைத்த விதை மரங்கள். வட்டாரப் பாரம்பரிய ரகங்கள் என்று ஆய்வாளர்கள் எழுதும்போது முதல் வகையை முக்கியமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும்போது இரண்டாவது வகையிலும் நல்ல மரங்கள் அகப்படும். பெயர் பெற்ற ரகங்கள் பலவற்றுக்கும் தொடக்கம் அப்படி ஒரு பெயரில்லாத மரம்தான்.

நல்ல பழம் என்றால் எதற்கு நல்லது?

பழத்தின் தரம் என்று சொன்னவுடனே நம் மனசு இனிப்பிடம் போய்விடுகிறது. பெரிய பழம், இனிப்பான பழம், பார்க்க அழகான பழம். என்னைக் கேட்டால், இந்த ஒரு எண்ணத்தை மாற்றிக்கொண்டாலே வட்டார ரகங்களின் அருமை பாதி புரிந்துவிடும்.

பீசாங் கோரேங், அதாவது பொரித்த வாழைப்பழம் போடும் அக்காவிடம் போய் பீசாங் மாஸ் என்ற வாழையைக் கொடுத்துப் பொரிக்கச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கையால் உரித்துத் தின்ன அதற்கு இணை கிடையாது, ஆனால் எண்ணெயில் குழைந்துவிடும். பொரிக்க பீசாங் ராஜா வேண்டும், இல்லையென்றால் பீசாங் அவாக். எது தரமான வாழைப்பழம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எதற்குத் தரமானது என்று கேட்டால் பதில் இருக்கிறது. பிளம்மும் அப்படியே.

ஒரு வட்டார ரகத்தின் பழங்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் என்னவெல்லாம் பார்ப்பார்கள்? முதலில் தராசு. முழுப் பழத்தின் எடை, பிறகு கொட்டையின் எடை. இரண்டையும் வைத்து எவ்வளவு சதை என்ற கணக்கு. சின்னப் பழமாக இருந்தாலும் கொட்டை மெலிதாக இருந்தால் நல்ல பெயர் வாங்கும். அப்புறம் கொட்டை சதையோடு ஒட்டியிருக்கிறதா, விரலால் பிளந்தால் கழன்று வருகிறதா என்று பார்ப்பார்கள். கொட்டை கழலும் பழம்தான் ஜாம் காய்ச்சுபவருக்கும் மாவுக்குள் வைத்துச் சுடுபவருக்கும் வேண்டியது. நூறு பழத்தில் கத்தியை வைத்துக் கொட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்து இனிப்பு. பழச்சாற்றில் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஓர் எண் தெரியும். அதன் அலகு பிரிக்ஸ். 100 கிராம் சர்க்கரைக் கரைசலில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் 1 பிரிக்ஸ். ஆனால் பழச்சாற்றில் இந்தக் கருவி சர்க்கரையை மட்டும் எண்ணுவதில்லை, கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. எலுமிச்சைச் சாறுகூட 7, 8 பிரிக்ஸ் காட்டும், காரணம் அதிலுள்ள அமிலம். அதனால் பிரிக்ஸை மட்டும் பார்த்துப் பழம் இனிக்கும் என்று முடிவுகட்ட முடியாது.

எனவே புளிப்பையும் தனியாக அளக்கிறார்கள். பிளம்மில் முக்கியமான அமிலம் மாலிக் அமிலம். சாற்றில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு விட்டால் புளிப்பு முறிகிறது என்று பார்ப்பது வழி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே தரம்பார்த்தல்தான். பிறகு இனிப்பைப் புளிப்பால் வகுப்பார்கள். இந்த விகிதம்தான் நம் நாக்குக்கு மிக அருகில் வருகிற எண். 16 பிரிக்ஸ் உள்ள இரண்டு பிளம்களில் ஒன்று சப்பென்று இனிக்கும், ஒன்று உயிரோடு இருக்கும். அந்த 'உயிர்' புளிப்பிலிருந்து வருவது. ரசத்தில் புளி குறைந்தால் என்ன ஆகுமோ அதேதான்.

சர்க்கரையிலும் ஒரே சர்க்கரை இல்லை. சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகியவற்றோடு சார்பிட்டால் என்ற ஒன்றும் பிளம்மில் நிறைய உண்டு. உலர்ந்த பிளம் 100 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் சார்பிட்டால் இருக்கும். குடல் இதை முழுதாக உறிஞ்சுவதில்லை, தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு உலர் பிளம் சாப்பிடச் சொல்வதற்கு நார்ச்சத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இவை தவிரச் சதையின் கெட்டி, தோலின் நிறம், தோல்மேல் சாம்பல் பூத்தது போலப் படிந்திருக்கும் மெழுகு, எந்த வாரத்தில் பழுக்கிறது, மரத்திலேயே எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் உண்டு. அந்தச் சாம்பல் பூச்சைப் பார்த்து மருந்து அடித்திருக்கிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழம் தானே உண்டாக்கும் மெழுகு. தண்ணீர் வற்றாமல் காக்கிறது. அதிகம் கைபடாத பழத்தில்தான் அது முழுதாக இருக்கும்.

இப்போது சில பழைய ரகங்களைப் பார்க்கலாம். பிரான்சின் லொரேன் பகுதியில் 'மிராபெல்' என்ற மஞ்சள் பிளம் இருக்கிறது. ஒரு பழம் ரம்புத்தானில் பாதிகூட வராது. பேரங்காடித் தரத்தில் பார்த்தால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் அதன் மணமும் இனிப்பும் வேறெந்தப் பெரிய பழத்திலும் இல்லை என்று அந்த ஊரார் அதை விடாமல் வளர்க்கிறார்கள். 1996 முதல் 'லொரேன் மிராபெல்' என்ற பெயருக்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம் ஊரில் சரவாக் மிளகுக்கு இருப்பது போல.

'ரேன் குளோட்' இன்னொன்று. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் மனைவி குளோட் அரசியின் பெயர். அவர் இறந்தது 1524இல். 500 ஆண்டுகளாக ஓர் அரசியின் பெயர் ஒரு பழத்தில் வாழ்கிறது. நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் காய் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். வாயில் வைத்தவர்கள் திரும்பி வருவார்கள்.

டாம்சனைப் பச்சையாகக் கடித்தால் முகம் கோணும், அவ்வளவு துவர்ப்பு. சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் ஜாம் தானாகவே கெட்டிப்படும், கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருள் அதில் அவ்வளவு இருக்கிறது. பிரான்சின் ஆழான் பகுதியின் பெயரால் வழங்கும் பிளம் உலர்த்துவதற்கென்றே வளர்ந்தது. 20 பிரிக்ஸைத் தாண்டிச் சர்க்கரை ஏறுவதால், கொட்டையோடு முழுதாகக் காயவைத்தாலும் உள்ளே புளித்துப் போவதில்லை. மூன்று கிலோ பழம் காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும். இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பது பொரிக்கிற வாழையையும் உரிக்கிற வாழையையும் போட்டிக்கு நிறுத்துவது போல.

செர்பியாவின் நீலப் பிளம்

ஒரு ரகத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல்வகைமை ஏன் தேவை என்பது இதில்தான் எனக்கு உறைத்தது.

செர்பியா, போஸ்னியா மலைக் கிராமங்களில் 'பொஜேகாச்சா' என்று ஒரு பிளம். கருநீலம், நீள்வடிவம், நடுத்தர அளவுகூட இல்லை. கொட்டை கழன்று வரும். பச்சையாகத் தின்னலாம், உலர்த்தலாம், ஜாம் காய்ச்சலாம், 'ஷ்லியோவித்சா' என்ற பிளம் சாராயமும் வடிக்கலாம். இத்தனைக்கும் ஒரே மரம். வீட்டுக்கு வீடு அதுதான். அந்தச் சாராயத்தைத் தயாரிக்கும் மரபை யுனெஸ்கோ 2022இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதே மரம், அல்லது இதற்கு மிக நெருங்கியவை, ஹங்கேரியில் 'பெஸ்தெர்செய்' என்றும் பல்கேரியாவில் 'கியூஸ்தெண்டில்' ஊர்ப்பெயராலும் ஜெர்மனியில் 'ஹவுஸ்சுவெட்ஷ' என்றும் வழங்கப்படுகின்றன. அந்த ஜெர்மன் பெயருக்கு 'வீட்டுப் பிளம்' என்று பொருள். ஒரே ரகத்துக்குப் பல பெயர், ஒரே பெயரில் பல ரகம் என்ற சிக்கல் வட்டாரப் பழங்களில் எங்கும் உண்டு. முன்பு இலையையும் கொட்டையின் வடிவத்தையும் வைத்து அடையாளம் கண்டார்கள். இப்போது இலையிலிருந்து மரபணுவை எடுத்து ஒப்பிட்டு, எவை உண்மையில் ஒன்று, எவை வேறு என்று பிரிக்கிறார்கள். பிளம் போன்ற மரங்களை விதையாகச் சேமித்தால் ரகம் மாறிவிடும் அல்லவா? அதனால் இந்த ரகங்களின் சேமிப்பு வங்கி பெரும்பாலும் ஒரு தோப்பாகத்தான் இருக்கும், உயிருள்ள மரங்களாக. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிராக்டேல் என்ற இடத்தில் அப்படி ஒரு தேசியப் பழத் தொகுப்பு இருக்கிறது. ஆப்பிள், பேரிக்காயோடு நூற்றுக்கணக்கான பிளம் ரகங்களும் வரிசையாக நிற்கின்றன.

சரி, பொஜேகாச்சாவுக்கு வருவோம். முதல் உலகப்போர்க் காலத்தில் பல்கேரிய விவசாயிகள் தங்கள் பிளம் இலைகளில் வெளிறிய வளையங்களையும் பழங்களில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளையும் கண்டார்கள். அம்மை என்ற பொருளில் 'ஷார்கா' என்றே பெயர் வைத்தார்கள். 1932இல் அத்தனாசோஃப் என்ற பல்கேரிய அறிவியலாளர் இது வைரஸ் நோய் என்று எழுதினார். அசுவினிப் பூச்சி வழியாகவும், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி வழியாகவும் பரவும். ஒரு மரத்தைப் பிடித்துவிட்டால் தோப்பிலேயே அதைக் குணமாக்க வழியில்லை. பழம் பழுக்கும் முன்பே உதிரும், சர்க்கரை ஏறாது.

ஷார்காவுக்கு மிக எளிதில் வசப்பட்ட ரகங்களில் ஒன்று பொஜேகாச்சா. ஒரு நாட்டின் வீட்டுக் கொல்லைகள் எல்லாம் ஒரே ரகம் என்றால், ஒரே பலவீனமும் எல்லாக் கொல்லைகளிலும் இருக்கிறது. அதுதான் நடந்தது. அந்த இடத்தை 'ஸ்டான்லி' போன்ற ரகங்கள் பிடித்தன. ஸ்டான்லி 1926இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெளியானது. பெரிய பழம், நிறையக் காய்க்கும், ஷார்காவையும் ஓரளவு தாங்கும். சுவையில் பழைய பழத்துக்கு ஈடாகாது என்றே பலரும் சொல்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. செர்பியாவின் சாசாக் நகரத்துப் பழ ஆய்வு நிறுவனத்தார் பொஜேகாச்சாவையே ஒரு பெற்றோராக வைத்துப் புது ரகங்களை உருவாக்கினார்கள். ஸ்டான்லியோடு கலந்து வந்தது 'சாசான்ஸ்கா ரோத்னா'. வாங்கன்ஹைம் என்ற பழைய ஜெர்மன் ரகத்தோடு கலந்து வந்தது 'சாசான்ஸ்கா லெபோத்தித்சா'. ஜெர்மனியின் ஹோஹன்ஹைமில் 'ஓர்த்தெனாவர்' என்ற வட்டார ரகத்தையும் ஸ்டான்லியையும் கலந்தபோது 'யோயோ' பிறந்தது. ஷார்கா நுழைந்த இடத்திலேயே தன் உயிரணுக்களைச் சாகடித்து நோயைப் பரவவிடாமல் தடுக்கும் ரகம் அது. பழைய மரங்களை யாரும் வைத்திருக்கவில்லை என்றால் கலப்பதற்கு எதுவும் கையில் இருந்திருக்காது.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி இல்லை. என் தாத்தா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்த நாட்டு ரப்பரின் பெரும்பகுதி 1876இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழி வந்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் 22. பிறகு நல்ல மரங்களைத் தேர்ந்து ஒட்டுக் கட்டி, 'ஆர்ஆர்ஐஎம் 600' போன்ற ரகங்களைத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். வரிசை வரிசையாக ஒரே மரம். தென்னமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இன்னும் இங்கே வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் ஒரு காரணமாக, 1981இல் பிரேசில் காடுகளில் மறுபடியும் போய்க் காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டினார்கள். மலேசியாவுக்கும் அதில் பங்கு வந்தது. பல்வகைமை என்ற சொல் பாடப்புத்தகத்தில் வெறும் வார்த்தையாகத் தெரியும். 22 கன்றுகள் என்ற எண்ணைக் கேட்டபோது அக்கா மகள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

பேரங்காடிப் பிளம் ஏன் சப்பென்று இருக்கிறது

அவளுடைய முதல் கேள்வியின் மிச்சம் இது. பினாங்கில் பிளம் காய்க்காது. கொடிமலை உச்சி 833 மீட்டர், நமக்குக் குளிர்கிறது, பிளம்முக்கு அது குளிரே அல்ல. ஐரோப்பியப் பிளம்மின் மொட்டு அவிழ வேண்டுமென்றால் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழிய வேண்டும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் விளையும் பிளம்ஸ், குறைந்த குளிரே போதும் என்கிற ஜப்பானிய வகையைச் சேர்ந்தது.

எனவே நமக்கு வருவதெல்லாம் தென்னாப்பிரிக்கா, சிலி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து குளிரூட்டிய பெட்டியில். அந்தப் பயணத்துக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், அதனால் முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்கிறார்கள். பிளம் பறித்த பிறகும் மென்மையாகும், நிறம் ஏறும், மணமும் கொஞ்சம் வரும். ஆனால் மரத்திலிருந்து வரவேண்டிய சர்க்கரை பறித்த கணத்தோடு நின்றுவிடுகிறது. நாள் கணக்கில் குளிரில் கிடந்த பழத்தின் சதை சில சமயம் மாவாகி, கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறிவிடும். 2 முதல் 8 பாகை வரையிலான மிதக் குளிர்தான் இதற்கு மோசமானது. நம் வீட்டுக் குளிர்பெட்டி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. கெட்டியான பிளம் வாங்கினால் மேசைமேல் வைத்துப் பழுக்கவிடுங்கள், காம்புப் பக்கம் விரலுக்கு லேசாக இணங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சியதைக் குளிரில் வைக்கலாம்.

கப்பல் தாங்கும் பழம்தான் கடைக்கு வரும் என்பதால், கப்பல் தாங்கும் ரகமே திரும்பத் திரும்ப நடப்படுகிறது. இதில் வில்லன் யாருமில்லை. ஆனால் மிராபெல் போன்ற பழத்தை அதன் ஊருக்குப் போனால்தான் அதன் முழு ருசியில் சாப்பிட முடியும் என்பதும் இதனால்தான். டுரியானிலும் இப்போது இதைப் பார்க்கிறோம். முசாங் கிங், அரசுப் பதிவில் டி197, 1993இல் பதிவானது. அதற்குக் கிடைக்கும் விலையைப் பார்த்துப் பழைய மரங்களின் கிளைகளை வெட்டி அதன் மேல் முசாங் கிங் ஒட்டுக் கட்டுகிறார்கள். வேர் பழையது, பழம் புதியது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வெட்டிய அந்தக் கிளையில் இருந்த ரகம் வேறெங்கும் இல்லை என்றால், அன்றோடு அது முடிந்தது. இன்னொரு பக்கம், பிளாக் தோர்ன் என்ற டி200ஐப் பாருங்கள். 2015இல் பதிவான அந்த ரகம் பினாங்கின் பெருநிலப் பக்கத்திலிருந்து, எங்கள் தாத்தா இருந்த அதே நிபோங் திபால் வட்டாரத்திலிருந்து வந்தது. யாரோ ஒருவர் ஒரு மரத்தைக் கவனித்ததால் வந்தது.

அந்த விடுமுறை முடிவதற்குள் அக்கா மகளைப் பாலிக் புலாவுக்குக் கூட்டிப்போனேன். பெயர் அட்டை இல்லாத குவியலில்தான் வாங்க வேண்டும் என்று அவளே சொன்னாள். ஐந்து பழம் எடுத்தோம். நான்கு சுமார். ஐந்தாவது வெளிர் மஞ்சள், கொட்டை சிறுத்து ஒட்டியது, முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு, கடைசியில் ஏதோ பூவின் மணம். "மாக் சிக், இது எந்த மரம்?" என்று மலாயில் கேட்டாள். கடைக்கார அம்மா வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டி, தன் மாமியார் கொட்டை போட்டு வளர்த்த மரம், ஒன்றே ஒன்றுதான், பெயர் எதுவும் வைக்கவில்லை என்றார். மரம் சாய்ந்துகொண்டு வருகிறதாம், அடுத்த பருவம் வரை நிற்குமா என்று சந்தேகமாம்.

மிச்சச் சுளைகளையும் கொட்டைகளையும் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைத் தராசில் சதையைத் தனியாக, கொட்டையைத் தனியாக நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதினாள். தேதி, இடம், மரம் நிற்கும் திசை, சுவை. மாக் சிக்கிடம் தொலைபேசியில் பேசினோம், குச்சி வெட்டிக்கொள்ளத் தாராளமாக வரச் சொன்னார். ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.